எதிர்த் தொட்டிலுக்கு ஆள் வேண்டும்

கண்டிச் சீமைக்குப் போவதற்கு முன்னால் நான் பார்த்த ஒரே வெளிதேசம் சாத்தான்குளத்துப் பனங்காடுதான். சிரிக்க வேண்டாம். தாமிரபரணிக் கால்வாயில் கால் நனைத்து வளர்ந்தவனுக்கு, தண்ணீரைக் குடத்துக்குள் மட்டுமே பார்க்க முடிகிற ஊர் வெளிதேசம் அல்லாமல் வேறென்ன? எங்கள் ஊரிலிருந்து அங்கே மாட்டுவண்டியில் ஐந்து மணி நேரம். தூத்துக்குடியில் கப்பலேறினால் கொழும்புக்கு ஓர் இரவு. இரண்டில் எது தூரம் என்று கேட்டால் இன்றைக்கும் நான் பனங்காட்டைத்தான் சொல்லுவேன்.

நான் அப்போது எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டுமென்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். வரலாம் என்று பதில் வந்துவிட்டது. இரண்டு வருஷ ஒப்பந்தம். சபைக் குருவிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி இந்த மாதத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கடிதத்தை என் மனைவி ஞானப்பூவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

விழுங்கிய வரி இதுதான்: குடும்பத்தோடு வருவதானால் குருவானவர் அதைத் தனியே சிபாரிசு செய்து எழுத வேண்டும், அப்படி எழுதினால் தனி வீடு தரப்படும்.

ஞானப்பூமேல் பிரியம் இல்லாமல் விழுங்கவில்லை. எங்கள் ஐயர்மேல் இருந்த பயத்தில் விழுங்கினேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் குருவை ஐயர் என்போம், அவர் சம்சாரத்தை ஐயரம்மா என்போம். இந்த ஐயர் பத்துப் பன்னிரண்டு கிராமத்துச் சபைகளுக்குக் குரு, அத்தனை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் மேலாளர். அவரைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன லெந்து நாட்களில்தான், அந்த நாற்பது நாள் தபசுக் காலத்தில், வாலிபர்கள் தாரத்தைக் கடல் கடத்திக் கொண்டுபோய்ச் சீரழிகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார். அவரிடம் போய்ச் சான்றும் தாரும், சம்சாரத்தைக் கூட்டிப்போகச் சிபாரிசும் தாரும் என்று கேட்க எனக்கு நெஞ்சில் உரமில்லை.

"ரெண்டு வருஷந்தானே. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றேன் ஞானப்பூவிடம்.

"எங்க, மூடித் தொறங்க பாப்போம்."

மூடித் திறந்தேன்.

"இன்னும் மொத நாளுதான் ஆகுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐயரைப் பிடிக்க ஒரே ஒரு நாள்தான் இருந்தது. சாத்தான்குளத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு கல்லில் ஒரு பனங்காட்டு ஊர். அங்கே வைகாசியில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. கடை கண்ணி, அசனம் எல்லாம் உண்டு. ஐயர் அன்றைக்கு அங்கே இருப்பார். மறுநாள் காலையில் பாளையங்கோட்டைக்குப் போனால் திரும்ப ஒரு மாதமாகும்.

"நானும் வாறேன்" என்றாள் ஞானப்பூ. "அங்கன ராட்டினம் வந்திருக்காம். ஒரே ஒரு தடவ ஒங்க பக்கத்துல ஒக்காந்து சுத்தணும். அப்புறம் நீங்க கண்டிக்குப் போங்க, காசிக்குப் போங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கலியாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் சாப்பிடுவாள். தெருவில் நான் முன்னே, அவள் பத்தடி பின்னே. நாங்கள் இரண்டு பேரும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது மணவறையில்தான். அதுவும் அரை மணி நேரம். அம்மாவைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

முதல் கோழி கூவியதும் வண்டி வந்தது. வண்டிக்காரர் இசக்கி வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நான் கொஞ்சம் தாட்டியான ஆள். ஞானப்பூ எனக்கு நேர்மாறு.

"வாத்தியாரய்யா முன்னால வாங்க. அம்மா வால்பக்கம் இருக்கட்டும். வைக்கலையும் அங்கன தள்ளிருங்க. அப்பத்தான் பாரம் ஒத்து நிக்கும். முன்பாரம் கூடுனா மாட்டுக் கழுத்து நோவும், பின்பாரம் கூடுனா வண்டி வானத்தப் பாக்கும்."

ஆக வண்டியிலும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. நான் போகிற ஊரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் விட்டுவந்த ஊரைப் பார்த்து உட்கார்ந்தாள். நடுவில் ஒரு பாக நீளத்துக்கு வைக்கோல்.

விடியும்போது வயல் முடிந்து மண் சிவந்திருந்தது. பிறகு பனை. பனைக்குப் பின்னால் பனை. எங்கள் ஊரில் மரத்துக்குப் பெயர் கேட்டால் பத்துப் பெயர் சொல்லலாம், இங்கே ஒரு பெயரை வைத்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். "இந்த ஊர்ல நெழலுக்கு எங்க போவாவ?" என்று ஞானப்பூ பின்னாலிருந்து கத்திக் கேட்டாள்.

"பனை நெழலு ஆளுக்கு ஒரு முழந்தாம்மா. வரிசையா நிக்கணும்" என்றார் இசக்கி. அதுதான் தூங்குமுன் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு அவர் தூங்கிவிட்டார். அவரைப் பார்த்து நானும் தூங்கிவிட்டேன்.

வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் பண்டிகையைக் காணோம். யாரோ ஒருவர் வீட்டு முற்றம். வலதுபக்கத்து மாடு, மயிலை, தொழுவத்து வாசலில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மாள் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். மாட்டைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏ மயில, வந்துட்டியா? வழி கண்டுபிடிச்சு வந்துட்டியா?"

விஷயம் அப்புறம்தான் விளங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்காரர் சந்தையில் விற்ற மாட்டைத்தான் இசக்கி வாங்கியிருந்தார். பழைய வாசனை பட்டதும் மயிலை சாலையை விட்டு இறங்கிவிட்டது. இசக்கிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாட்டையை எடுத்தார். "எம் முத்தத்துல வெச்சு அத அடிச்சீருன்னா ஒம்ம கைய ஒடிச்சுப்போடுவேன்" என்றாள் அந்த அம்மாள். சாட்டை உடனே கீழே போய்விட்டது.

எங்களுக்குப் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றினாள். மாங்காயைக் கீறிப் போட்டிருந்தாள். எங்கள் ஊருக்குப் பதநீர் வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிடும், அதற்குள் அதன் குணம் மாறிவிடும். இது இப்போதுதான் மரத்தைவிட்டு இறங்கியது. நான் மூன்று பட்டை குடித்தேன். நான்காவதை ஞானப்பூவின் கண் தடுத்தது.

"ரெண்டு மாசம் பிரிஞ்சிருந்த மாடு பாத்தியளா?" என்றாள் அவள், யாரிடமோ பேசுகிறமாதிரி. நான் ஓலைப் பட்டையின் மடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மயிலை அசையவில்லை. கடைசியில் அந்த அம்மாளே முன்னால் நடந்தாள். மயிலை அவளுக்குப் பின்னால் நடந்தது, மற்ற மாடும் வண்டியும் நாங்களும் மயிலைக்குப் பின்னால். பண்டிகை ஊர்ச் சாலைவரை நடந்துவந்து விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். இப்படியாக ஆராதனைக்கு முன்னாலேயே ஐயரைப் பிடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு கெட்டது. நாங்கள் போனபோது ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறிவிட்டார்.

நான் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் தூணோடு ஒட்டி நின்றேன். பிரசங்கம் திருவிழாவில் ஆணும் பெண்ணும் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றி. புருஷனும் மனைவியுமே ஆனாலும் கடைத்தெருவில் தோளோடு தோள் உரசி நடப்பது காண்கிறவர்களுக்கு இடறல் என்றார். அவர் சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். கடைத்தெரு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முளையடித்துப் பனைநார்க் கயிறு கட்டியிருந்தது. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கடை போட்டவர்களுக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வளையல்கடை ஆண்கள் பக்கம் அமைந்துவிட்டது. பனையேறிகள் வாங்குகிற பாளை அரிவாள் கடையும் சுருட்டுக் கடையும் பெண்கள் பக்கம். வளையல்கடை முன்னால் நாலைந்து மீசைக்காரர்கள் அளவு தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினார்கள், வளையல்காரர் அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்து வளையலை ஏற்றினார். இந்தப் பக்கம் ஒரு கிழவர் ஒரு பெண்மணியிடம், "ஏ தாயி, அந்தச் சுருட்டுல காரமானதாப் பாத்து ஒரு கட்டு வாங்கித் தா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நானும் ஞானப்பூவும் கயிற்றுக்கு ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். என்னுடைய துர்ப்பாக்கியம், சேவுக்கடை அவள் பக்கம். வாங்கிக் கயிற்றுக்கு மேலே நீட்டினாள். நம் ஊர்ச் சேவு வாயில் போட்டால் கரையும், இந்த ஊர்ச் சேவு பல்லோடு மல்லுக்கு நிற்கிறது. மிளகு கொஞ்சம் கூடுதல். எனக்கு இதுதான் பிடித்தது என்று அவளிடம் சொல்லவில்லை, அவள் சேவு பிழிகிறவள்.

அடுத்து உடன்குடிக் கருப்பட்டிக் கடை. அங்கே அவள் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"அண்ணாச்சி, இது ஈரக்காத்து பட்டா கசியுமா?"

"நம்ம சரக்கு கசியாதும்மா. ஓலையில பொதிஞ்சு சாக்குல கட்டித் தாறேன். அடுப்புக்கு மேல பரண்ல வெச்சிருங்க."

"நல்ல குளிரு அடிச்சா?"

"நம்மூர்ல ஏதும்மா குளிரு?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கேன்."

ஒரு முழுச் சிப்பம் வாங்கிவிட்டாள். ஓலையில் பொதிந்த கருப்பட்டி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். நான் போன பிறகு வீட்டில் இருக்கப் போவது இவளும் அம்மாவும். அம்மா கருப்பட்டிக் காப்பியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவள். "இவ்வளவையும் யாரு தின்பா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குத்தான்" என்றாள். அவளும் கடைக்காரருமாகச் சிப்பத்தைக் கயிற்றுக்கு மேலாக என் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தக் கோலத்தில், தோளில் சிப்பத்தோடு, ஐயரைப் போய்ப் பிடித்தேன். அவரைச் சுற்றிச் சபை மூப்பர்கள் இருந்தார்கள். "ஐயா, கண்டிச் சீமைக்கு ஒரு சான்று..." என்று இழுத்தேன். என்னைப் பார்த்தார், சிப்பத்தைப் பார்த்தார். "அசனம் முடியட்டும், அப்புறம் வாரும்" என்றார். அசனம் என்பது பண்டிகை நாளில் கோயில் ஊர் மொத்தத்துக்கும் போடுகிற விருந்து. சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொப்பரை கொப்பரையாக வெந்துகொண்டிருந்தது. மணி அடித்தார்கள். கடைத்தெரு ஒரு நொடியில் காலியாகிவிட்டது.

ஞானப்பூ கயிற்றின் கடைக்கோடியில் நின்று என்னைப் பார்த்தாள். கயிறு முடிகிற இடத்தில், கோயில் எல்லைக்கு வெளியே ஒரு பனந்தோப்பு. அங்கேதான் ராட்டினம்.

"இப்ப ஒரு குருவி இல்ல. எல்லாரும் பந்தியில இருக்காவ" என்றாள்.

எனக்குப் பசி. கறிக்குழம்பின் மணம் வேறு. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு பந்தியைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலு தொட்டில் ராட்டினம். நாலும் மரத்தொட்டில், கையால் தள்ளிச் சுற்றுகிறது. ராட்டினக்காரர் மாடசாமியும் அவர் தம்பியும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சிப்பத்தைத் தரையில் இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒரே தொட்டிலில் ஏறினோம். அவள் பக்கத்தில் நான். நடுவே வைக்கோல் இல்லை, கயிறு இல்லை. அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு, "ம், சுத்துங்க" என்றாள்.

மாடசாமி தலையைச் சொறிந்தார். "அதெப்படிம்மா சுத்த? எதிர்த் தொட்டில்ல பாரம் வேணும்லா? அய்யா ஒருத்தரே ஒன்றரை ஆளு இருக்காரு. ரெண்டு பக்கமும் ஒத்து நின்னாத்தான் ராட்டினம் சொன்ன பேச்சு கேக்கும்."

"அந்தச் சிப்பத்த வைங்க" என்றாள் ஞானப்பூ.

அண்ணனும் தம்பியுமாக எங்களைத் தம் பிடித்து உச்சிக்குத் தள்ளினார்கள். கீழே வந்த எதிர்த் தொட்டிலில் கருப்பட்டிச் சிப்பத்தை வைத்தார்கள். மாடசாமி சக்கரத்தை மெல்ல ஆட்டிப் பார்த்தார். "காணாது வே. இன்னும் ஒன்றரை ஆள் பாரம் கொறையுது." சக்கரத்தை முளையோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு, "இருங்க, எடுப்பா ஒரு சோடி கெடைக்குதான்னு பாக்கேன்" என்று கிளம்பினார். அவர் அந்தப் பக்கம் போனதும் தம்பிக்குக் கறிமணம் பொறுக்கவில்லை. அவர் இந்தப் பக்கமாகப் பந்திக்குப் போய்விட்டார்.

இப்போது எங்கள் நிலைமை இது. பட்டப்பகல் பன்னிரண்டு மணி. பனை உயரத்தில் பாதி உயரம். ஊரில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற இடத்தில் நானும் என் மனைவியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொங்குகிறோம். ஞானப்பூ காலை ஆட்டினாள்.

"ஏளா, ஆட்டாத."

"நீங்க ஏன் கைய எடுத்துட்டிய? பிடிச்சுக்கிட்டு இருங்க." பிறகு, "இங்கயிருந்து கண்டிச் சீம தெரியுமா?" என்றாள்.

"பனைதான் தெரியுது."

"பெறவு அங்கயிருந்து பாத்தா ஒங்களுக்கு நான் மட்டும் எப்படித் தெரிவேன்?"

விழுங்கின அந்த ஒரு வரி அப்படியே நெஞ்சில் குறுக்கே நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடவில்லை, ஏனென்றால் அப்போது மாடசாமி திரும்பி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளை அங்கி. அங்கிக்குப் பக்கத்தில் ஒரு குடை.

அசனத்துக்கு ஜெபம் செய்துவிட்டு ஐயரும் ஐயரம்மாவும் தாங்கள் தங்கியிருந்த மிஷன் பங்களாவுக்குக் குறுக்கு வழியாகப் போகிறார்கள். மாடசாமி பிடித்த சோடி அதுதான். நான் துண்டால் தலையை மூடிக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தேன். தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ரெண்டு பேரு மேல மாட்டிக்கிட்டாவ சாமி" என்று மாடசாமி கீழே மனமுருகச் சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பி கறிச்சோத்துக்குப் போயிட்டான். நான் ஒத்தையாளா அவுத்துவிட்டா தொட்டில் குப்புன்னு வந்து விழும். எதிர்ல கனமா ரெண்டு பேரு ஒக்காந்தாப் பைய எறக்கிருவேன். புண்ணியமாப் போவும்."

"வேறு யாராவது..." என்றார் ஐயர்.

"வேற ஒரு காக்கா குருவி கெடையாது சாமி."

ஐயரம்மா குடையை மடக்கிவிட்டார். "பாவம், மேல இருக்கது யாரு பெத்த பிள்ளைகளோ" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் தொட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். முப்பது வருஷமாக இந்த அழைப்புக்காகவே காத்திருந்தவர்போல அவ்வளவு சுறுசுறுப்பு. ஐயரும் வேறு வழியில்லாமல் அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஏறினார். சிப்பத்தை மாடசாமி எடுத்துத் தரையில் வைத்தார்.

மாடசாமி கயிற்றை அவிழ்த்தார். பாரம் கச்சிதமாக ஒத்து நின்றது. நல்ல தொழில்காரருக்கு அந்த மாதிரி ஒப்பு அமைந்தால் கை சும்மா இருக்குமா? எங்களை இறக்குவதற்காகத் தள்ளின தள்ளலில் ஐயர் மேலே போனார், நாங்கள் கீழே வந்தோம், நிற்காமல் மறுபடி மேலே போனோம்.

"நிறுத்தும்! நிறுத்தும் வே!" என்றார் ஐயர்.

"வேகம் கொறஞ்சாத்தான் சாமி நிறுத்த முடியும்!" என்று சொல்லிக்கொண்டே மாடசாமி இன்னொரு தள்ளு தள்ளினார்.

மூன்றாவது சுற்றில் என் துண்டு பறந்துபோயிற்று. பாதி வழியில் இரண்டு தொட்டிலும் நேருக்கு நேர் வந்தன. ஐயர் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன். "தோத்திரம் ஐயா" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் அதுதான் வந்தது. அவர் பதில் சொல்வதற்குள் அவர் மேலே போய்விட்டார்.

உச்சிக்குப் போனதும் ஐயரின் சத்தம் கேட்டது. பிரசங்கக் குரல் இல்லை. வேறு யாரோ பேசுகிறமாதிரி இருந்தது. "பொன்னு, ஏ பொன்னு, கைய விட்டுராத. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன். கண்ணத் தொறந்து பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு!" என்று ஐயரம்மா சின்னப் பெண்ணைப்போலச் சிரித்தார்.

முதல் பந்தி முடிந்து ஊர் முழுக்கத் தோப்பு ஓரத்தில் வந்து கூடிவிட்டது. இலை எடுத்த கையோடு நின்றார்கள். ஆண்களும் பெண்களும் கலந்துதான் நின்றார்கள், வேடிக்கையில் யாரும் கயிற்றை நினைக்கவில்லை. ஞானப்பூ என் கையைப் பிடித்திருந்தாள். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வேலை போகட்டும், சான்று போகட்டும், இன்னும் ஒரு சுற்று வரட்டும் என்றுதான் தோன்றியது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ராட்டினம் நின்றது. நான் துண்டைத் தேடிக்கொண்டு தோப்புக்குள் போனேன். துண்டுக்காக மட்டும் போகவில்லை, ஐயர் முகத்தில் விழிக்கப் பயந்துதான் அவ்வளவு தூரம் போனேன். திரும்பி வந்தபோது ஐயரம்மாவும் ஞானப்பூவும் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயர் ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கண்டிச் சீமைக்குச் சான்று கேட்டது நீர்தானே?"

"ஆமாய்யா."

"வாரும்."

பந்தலுக்குள் கூட்டிப்போய் மேசைமுன் உட்கார்ந்தார். மையை இரண்டு இடத்தில் கொட்டினார். என் ஒழுக்கத்தைப் பற்றி என்ன எழுதப்போகிறாரோ என்று பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதி முடித்து, மை காய ஊதி, என்னிடம் நீட்டினார்.

இவர் நல்லொழுக்கமுள்ளவர், பிள்ளைகளிடம் பொறுமையுள்ளவர் என்று தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே இப்படி: 'இவரை மனைவியோடும் ஏற்றுக்கொண்டு தனி வீடு தரும்படி சிபாரிசு செய்கிறேன். தனியே அனுப்பத் தக்கவர் அல்லர்.'

நான் நிமிர்ந்து பார்த்தேன். "ஐயா, இத நான் கேக்கவே இல்லையே."

"நீர் கேட்க மாட்டீர் என்று எனக்குச் சொன்னார்கள்" என்றார் ஐயர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வே, அந்த உயரத்துல பக்கத்துல ஒரு கை இல்லேன்னா மனுஷன் என்ன ஆவான்? மலைக்குப் போறீரு. கூட்டிட்டுப் போம்" என்றார்.

நாங்கள் சாப்பிடப் போனது மூன்றாவது பந்தி. கறி தீர்ந்து கத்திரிக்காய் மிச்சமிருந்தது. நான் எதையும் குறை சொல்லவில்லை. கடைத்தெருவில் கயிறு ஓர் இடத்தில் அறுந்து தரையில் கிடந்தது, அதை மறுபடி கட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொழுது சாயுமுன் இசக்கி வண்டியைப் பூட்டினார். நான் வண்டிப் பக்கத்தில் நின்று ஞானப்பூவிடம், "ஏளா, கடுதாசியில அப்படி ஒரு வரி இருக்கதே ஒனக்கு..." என்று தொடங்கினேன்.

"நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போனதும் வாசிச்சேன். நீங்க மடிச்சு வெச்ச மாதிரியே மடிச்சு வெச்சுட்டேன். என்னைக்காவது நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன்."

"மன்னிச்சிரு" என்றேன். என் வாழ்நாளில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"அப்போ அந்தச் சிப்பம்..."

"கண்டியில கருப்பட்டி கெடைக்காதாம். அந்தக் குளிருல நீங்க காப்பி இல்லாம என்ன செய்விய?"

காலையில், நான் ஐயரிடம் நாக்குழறுவதற்கு முன்னாலேயே, அவள் கண்டியில் அடுப்பு மூட்டிவிட்டிருக்கிறாள். நான்தான் சிப்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

இசக்கி சிப்பத்தை வண்டியின் வால்பக்கம் ஏற்றினார். ஒரு தரம் தட்டிப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"பின்பாரம் இப்ப போதும்மா" என்றார். "நீங்க முன்னால வந்து அய்யா பக்கத்துல இருங்க."